தேவனஹள்ளியில் ஒரு நீலப் பெட்டி

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைக்குப் போகும் வழியில் தேவனஹள்ளி என்றோர் ஊர் உண்டு. திப்பு சுல்தான் பிறந்த இடம் அதுவே. பழைய கோட்டை ஒன்றும், கன்னடத்தார் சக்கோத்தா என்றழைக்கும் பம்பளிமாஸ் பழமும் அவ்வூரின் பழம்பெருமைகள். தமிழ்நாட்டிற்குள் புகுந்து கடலூரருகே கடலிற் கலக்கும் தென்பெண்ணை ஆறும் அந்த நந்தி மலைப்பக்கத்தில்தான் பிறக்கிறது. ஆயினும் 2008ஆம் ஆண்டு மே 24ஆம் நாளிலிருந்து தேவனஹள்ளி என்றதும் நம்மவர்க்குக் கோட்டையோ பழமோ நினைவிற்கு வருவதில்லை. விமான நிலையமே நினைவிற்கு வருகிறது. 2013ஆம் ஆண்டில் அதற்குக் கெம்பே கவுடாவின் பெயர் சூட்டப்பெற்றது.

அல்சூரில் குடியிருக்கும் எங்களுக்கு அதற்கு முன்பெல்லாம் விமான நிலையம் கூப்பிடு தொலைவில் இருந்தது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை அடுத்த பழைய நிலையத்தைத்தான் சொல்லுகிறோம். 1940இல் தொடங்கிய அத்தொழிற்சாலையில் வேலை பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிய குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டுப் பரண்களில் இன்னும் ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கும். அதன் மூடியில் வெள்ளை வண்ணத்தில் பெரிய எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். இரயிலில் சாமான் வண்டியில் போட்டாலும், கூலியாள் தலையில் ஏற்றினாலும், அப்பெட்டி தன் சொந்தக்காரன் இன்னான் என்று தானே சொல்லிக்கொண்டு போயிற்று. அந்த வழக்கத்தை எப்போது கைவிட்டோம் என்பது தெரியவில்லை. கைவிட்டதன் பலனை மட்டும் 2025ஆம் ஆண்டு தைத் திங்களில் நன்றாக அறிந்துகொண்டோம்.

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு திங்கள் தங்கிப் பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் பொங்கல் கழிந்த வாரம் திரும்பினோம். இரவு பத்து மணியளவில் விமானம் இறங்கிற்று. வெளிநாட்டு விமானங்களெல்லாம் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்திற்கே வருகின்றன. 2022 நவம்பரில் திறந்து வைக்கப்பெற்ற அம்முனையம் காணத்தக்கது. மேற்கூரை முழுவதும் மூங்கிற் பட்டைகள். செடிகொடிகள் தலைக்குமேல் தொங்குகின்றன. நடந்து செல்லும்போது நிலையத்திற்குள் தோட்டமா, தோட்டத்திற்குள் நிலையமா என்ற ஐயம் தோன்றும். எங்களுக்கு அந்த வியப்பே கேடாயிற்று என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அதுவன்று. நாங்கள் களைத்திருந்தோம், வீட்டிற்குப் போக அவசரப்பட்டோம். அவ்வளவே.

சாமான்கள் வரும் சுழல்நாடாவின் அருகே நின்றோம். கருநீல நிறம், பக்கங்களில் வரிவரியான மேடு, நான்கு சக்கரம், கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். இதுவே எங்கள் பெட்டி. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. அடையாளத்திற்குச் சிவப்பு ரிப்பன் கட்டுக என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுகின்றனர், எல்லாரும் கட்டுகின்றனர். எனவே அஃது அடையாளமே அன்று என்பதை அன்றுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ரிப்பனைக் கண்டோம், தூக்கினோம், சுங்கத்தின் பச்சை வழியாக வெளியே வந்து வாடகை மோட்டார் ஏறினோம். பெட்டியைத் தூக்கியவர் எங்களிருவரில் யார் என்பதைக் குடும்ப அமைதி கருதி இங்கே வெளியிடுவதாக இல்லை.

தேவனஹள்ளியிலிருந்து அல்சூருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வீடு சேர நள்ளிரவாயிற்று. மறுநாட் காலைக்கு வேண்டிய மருந்துகளை எடுக்கப் பூட்டில் சாவியைப் போட்டால், திரும்பவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தோம். அசைத்துப் பார்த்தோம். மலிவான பூட்டு, துருப்பிடித்துவிட்டது என்று தீர்மானித்து, சுத்தியலையும் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மகளின் தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே அப்போது மணி மூன்றே கால். இந்த வேளையில் என்ன விபரீதமோ என்று நடுங்கிக்கொண்டே எடுத்தோம்.

“அப்பா, நீங்கள் வேறொருவர் பெட்டியைக் கொண்டுபோய்விட்டீர்களாம். விமானக் கம்பெனியிலிருந்து இரண்டு மணி நேரமாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாப்பா பாலுக்கு அழுதாளென்று எழுந்தேன்; அப்போதுதான் பார்த்தேன்.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியில் கட்டியிருந்த டேக் எனும் காகிதச் சீட்டை முதன்முறையாகப் படித்தோம். அதில் இருந்த பெயர் எங்களுடையதன்று. எவ்வளவு தெளிவாக அச்சிட்டிருந்தார்கள்! நாடாவின் அருகே அரை நிமிடம் குனிந்திருந்தால் போதும்.

விமானச் சீட்டை மகள் எடுத்துக் கொடுத்தாள்; தொடர்பு எண்ணாகத் தன் எண்ணையே கொடுத்திருந்தாள். அதனால் எங்களைத் தேடியவர்கள் கடல் கடந்து உறங்கிக்கொண்டிருந்த ஒருத்தியைத் தட்டிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்த சீட்டில் பிரயாணம் செய்யும் பெற்றோர் நம்மிடையே எத்தனையோ பேர். புறப்படும் முன் தொடர்பு எண் யாருடையது என்று கேட்டு, தம் எண்ணையும் சேர்க்கச் சொல்வது நன்று.

மீண்டும் தேவனஹள்ளி. கெம்பே கவுடாவின் 108 அடி வெண்கலச் சிலை விளக்கொளியில் வாளேந்தி நின்றது. அவரை நிமிர்ந்து பார்க்கவும் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வெளிவாயிலருகே ஓர் இளைஞரும் ஒரு முதியவரும் தரையில் உட்கார்ந்திருந்தனர். இளைஞர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருப்பவர். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ள காவேரிப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூர்க்காரர். மூன்றாம் நாள் தங்கைக்குத் திருமணம். அழைத்துப்போகத் தந்தையார் வேன் பேசிக்கொண்டு வந்திருந்தார். வேன்காரருக்குக் காத்திருப்புக் கூலி ஏறிக்கொண்டிருந்தது.

நாடாவில் கடைசியாக எஞ்சிய பெட்டி எங்களுடையது. அதே நீலம், அதே ரிப்பன். அவர் அதைத் தூக்கினாராம்; சீட்டைப் படித்தாராம்; உடனே கீழே வைத்துவிட்டு உத்தியோகஸ்தரிடம் போய்ச் சொன்னாராம். எங்களைவிட முப்பது வயது இளையவர் செய்தது இது.

விமானக் கம்பெனி உத்தியோகஸ்தர் இருவர் சீட்டுகளையும் வாங்கி, பெட்டிகளில் இருந்த எண்களோடு ஒவ்வோர் இலக்கமாகப் படித்து ஒப்பிட்டார். பிறகு, திறந்து சரிபார்த்துக்கொள்ளும்படி இளைஞரிடம் சொன்னார். அவர் எங்கள் முன்னிலையில் திறக்கத் தயங்கினார். பின்பு துணிகளுக்கடியிலிருந்து ஒரு காலுறையை எடுத்து உள்ளே கைவிட்டார். ஒரு சோடித் தோடு. தங்கைக்கென்று வாங்கியது. அதன் கீழே ஓர் உறையில் அவருடைய டிப்ளமோ சான்றிதழ்கள், எல்லாம் மூலப்பிரதிகள்.

நான்கு மணி நேரம் அவர் அந்தத் தோட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். தந்தையிடமுங்கூட. “சொன்னா அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துடும்னு பயந்தேங்கய்யா” என்றார். நாங்கள் பூட்டை உடைத்திருந்தால்? தோடு இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். ஆனால் நாங்கள் எடுக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? எங்கள் சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்டோம். முதியவர் கைகூப்பி, “இந்த ராத்திரியில திருப்பிக் கொண்டாந்தீங்களே, அது போதுங்க” என்றார். அவர் சினந்து பேசியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். வேன் கூலியின் கூடுதலை நாங்கள் கொடுப்பதாகச் சொன்னோம், வாங்க மறுத்துவிட்டார்கள்.

இஃது எங்கள் குற்றம். இதனை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், பெட்டி தொலைவது என்றால் விமானக் கம்பெனியின் தவறு என்று மட்டுமே நாம் பேசிப் பழகியிருப்பதுதான். அவர்கள் தவறும் உண்டு. உலகெங்கும் 2007ஆம் ஆண்டில் ஆயிரம் பிரயாணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தவறிப்போயின என்பது விமான நிலையங்களுக்குக் கணிப்பொறி அமைப்புகள் வழங்கும் சீட்டா நிறுவனத்தின் கணக்கு. 2024இல் அது 6.3 ஆகக் குறைந்துவிட்டது. பெட்டியை ஒப்புக்கொள்ளும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், மாற்றும்போதும், இறங்கிய ஊரில் கொடுக்கும்போதும் அதன் தடத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்ற விதி 2018 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தனைக்கும் ஆதாரம் அந்தக் காகிதச் சீட்டுத்தான். எனவே அதனைப் படிக்கத் தெரிந்துகொள்ளுதல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பயன்படும்.

கோடுகோடாக அச்சிட்ட பட்டைக்கருகே பத்து இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கத்தை அடுத்துள்ள மூன்றும் விமானக் கம்பெனியின் குறி. ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 618. இறுதி ஆறும் அப்பெட்டிக்கே உரிய எண். இதே எண் நம் கையில் தரும் சிறு துண்டுச் சீட்டிலும் இருக்கும். பலரும் அத்துண்டைக் குப்பையில் போட்டுவிடுகின்றனர். அதுதான் பெட்டியின் பட்டா. குடும்பமாகச் செல்லும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒருவர் பெயரிலேயே பதிந்துவிடுவதும் உண்டு. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரும் தன் பெயரும் முன்பின்னாக ஒட்டி அச்சாகும். ஆகையால் பெயரை மட்டும் பார்த்தால் குழப்பம் நேரலாம். எண்ணைப் பார்ப்பதே உறுதி.

பெரிய எழுத்தில் உள்ள மூன்றெழுத்து, பெட்டி போய்ச் சேரும் ஊர். பெங்களூருக்கு பி.எல்.ஆர்.; சென்னைக்கு எம்.ஏ.ஏ.; கோயம்புத்தூருக்கு சி.ஜே.பி.; மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். திருச்சிராப்பள்ளிக்கு டி.ஆர்.இசட், திருவனந்தபுரத்திற்கு டி.ஆர்.வி.; தூத்துக்குடிக்கு டி.சி.ஆர். கடைசி எழுத்தொன்று மாறினால் திருச்சிக்குப் போகவேண்டிய பெட்டி திருவனந்தபுரம் போய்ச் சேரும். பெட்டி உள்ளே நகர்ந்து மறையும் முன் இம்மூன்று எழுத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனி ஊழியரும் அதனைத் தவறாகக் கொள்வதில்லை.

பழைய பிரயாணங்களின் சீட்டுகளைப் பெருமைக்காகச் சிலர் விட்டு வைப்பர். அவை மட்டுமன்றி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டும் சிறு வில்லைகளையும் கிழித்தெறிய வேண்டும். பெட்டிகளைப் பிரிப்பது பெரும்பாலும் இயந்திரம். கோட்டுப் பட்டையை ஒளியால் படித்துப் பெட்டியை உரிய வழியில் தள்ளுவது அதன் வேலை. இரண்டு பட்டைகளைக் கண்டால் அது திகைத்து, பெட்டியைக் கையாற் பிரிக்கும் இடத்திற்கு ஒதுக்கிவிடும். அதற்குள் விமானம் புறப்பட்டிருக்கும். பைகளின் நீண்ட வார்களும் நாடாவின் மூலைகளில் மாட்டிக்கொள்ளும். மடக்கிக் கட்டுவது நல்லது.

சீட்டு அறுந்து போவதும் உண்டு. அப்போது பெட்டியைத் திறந்துதான் சொந்தக்காரரைத் தேடுவர். ஆகவே பெயர், தொலைபேசி எண், போய்ச்சேரும் முகவரி ஆகியவற்றை எழுதிய தாளொன்றைத் துணிகளுக்கு மேலாக, திறந்ததும் கண்ணிற் படும்படி வைக்க வேண்டும். பூட்டுமுன் உள்ளிருப்பதையும், பூட்டியபின் பெட்டியையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்தால் பின்னால் வர்ணிக்கும் வேலை மிச்சம். “நீலப் பெட்டி, சிவப்பு ரிப்பன்” என்று நாங்கள் வர்ணித்திருந்தால் என்ன நடந்திருக்கும்! இக்காலத்து இளைஞர் ஏர்டேக் முதலிய சிறு கருவிகளைப் பெட்டிக்குள் போடுகின்றனர். நல்லதே. அது பெட்டி இருக்குமிடத்தைச் சொல்லும். ஆனால் தவறான பெட்டியைத் தூக்கும் எங்களைப் போன்றவரின் கையை அது பிடிக்காது.

தவறும் பெட்டிகளில் பத்துக்கு நான்கு, விமானம் மாறும் இடத்தில்தான் தவறுகின்றன. பெங்களூர் வழியாகச் செல்லும் நம்மவர்க்கு இதில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பெங்களூரில் இறங்கி, இங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போகின்றவர், ஒரே சீட்டாக எடுத்திருந்தாலும், பொதுவாக இந்தியாவில் இறங்கும் முதல் ஊரிலேயே பெட்டியைப் பெற்றுக்கொண்டு சுங்கத்தைக் கடந்து, பிறகு அடுத்த விமானத்திற்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். கடைசி ஊரின் பெயர் சீட்டில் இருக்கிறதே, பெட்டி தானே வந்துவிடும் என்று கைவீசிப் போனால், அவர் மதுரையில் இருப்பார். பெட்டி தேவனஹள்ளி நாடாவைச் சுற்றிக்கொண்டிருக்கும். மேலும் உள்நாட்டு விமானங்கள் சில முதல் முனையத்திலிருந்தும் சில இரண்டாம் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன. எது என்று முன்னமே கேட்டறிதல் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரந்தான் இருக்கிறது என்று சீட்டு எடுத்துத் தருபவர் சொன்னால், வயதானவர்கள் அடுத்த விமானத்தையே கேட்கலாம்.

உள்ளே வைக்கத் தகாதவற்றால் தடைப்படும் பெட்டிகளும் பல. கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க் கையோடு வரவேண்டியது. பெரிய பெட்டிக்குள் இருந்தால் சோதனையில் பிடிபட்டு, சொந்தக்காரரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவர். அவர் அப்போது காப்பி குடித்துக்கொண்டிருந்தால் பெட்டி பின்தங்கும். நம் வீட்டுப் பெண்கள் மறவாமல் வைப்பது கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்பதால் விமானத்திற்கு ஆகாது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பாதுகாப்புத் துறையும் அதனைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நகை, மருந்து, சான்றிதழ், பத்திரம் இவை கைப்பைக்கு உரியவை. அந்த இளைஞரிடம் அன்றிரவு இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கவில்லை. இங்கே சொல்லுகிறோம்.

இத்தனையும் செய்தபின்னும் பெட்டி வரவில்லையானால், சுங்கத்தைத் தாண்டி வெளியே வராதீர்கள். வந்தால் தாமாக உள்ளே திரும்ப முடியாது. நாடாவின் அருகிலேயே விமானக் கம்பெனியின் ஆளைக் கண்டு பி.ஐ.ஆர். எனும் புகார்ப் படிவத்தை எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர்க்குறி மூன்றெழுத்து, கம்பெனிக் குறி இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம் என்று அவ்வெண் அமைந்திருக்கும். அதைக் கொண்டுதான் பின்னர் விசாரிக்க முடியும். 1999இல் மாண்ட்ரியலில் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி, வெளிநாட்டுப் பிரயாணத்தில் சேதமுற்ற பெட்டிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுத்தல் வேண்டும். 21 நாட்கள் கழிந்தும் வராத பெட்டிக்கு இழப்பீடு கோரலாம். 2024 டிசம்பர் 28 முதல் அதன் உச்சவரம்பு சுமார் 2,000 அமெரிக்க டாலர் பெறுமானம். வழக்குத் தொடர இரண்டாண்டு கெடு. இடையில் வாங்க நேர்ந்த மாற்றுத்துணி, சோப்பு இவற்றின் ரசீதுகளையும் பத்திரப்படுத்துக.

அந்தக் குடும்பத்தினர் எங்களைத் திருமணத்திற்கு அழைத்தார்கள். வேன் கூலியை வாங்க மறுத்தவர்கள் மொய்யை மறுக்க இயலாது என்ற துணிவில் போய்வந்தோம். பெண் அந்தத் தோட்டை அணிந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் யாரென்று கேட்டபோது, “சிங்கப்பூர்ல தெரிஞ்சவங்க” என்று இளைஞர் அறிமுகம் செய்துவைத்தார்.

எங்கள் நீலப் பெட்டியில் இப்போது ரிப்பன் இல்லை. வெள்ளை வண்ணம் வாங்கி வந்து, மூடியின்மேல் பெயரையும் அல்சூர், பெங்களூர் என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதியாயிற்று. மகள் படத்தில் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டு அண்டா போல இருக்கிறது என்கிறாள்.